தீர்த்தம் தெளித்த ஸ்டைலஸ்

இராசமலரைப் பொறுத்தவரை உலகத்தில் பேனா என்பது ஒரே சாதிதான். மை உள்ளது, மை முடிந்தது என்று அதில் இரண்டு வகை இருக்கலாம். மையே இல்லாமல் ஒரு பேனா இருக்கிறது, அதற்குச் சார்ஜ் வேறு போட வேண்டும் என்று மகள் லவீனா சொன்னபோது, கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மையில்லாமல் எழுதுமாம். நாளைக்குத் தண்ணியில்லாமல் ஓடுற வள்ளமும் வரும், பாரன்."

லவீனா படம் கீறுகிறவள். குருநகரில் எந்தப் பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை என்றாலும் அழைப்பிதழுக்குப் படம் அவள் கையால்தான். கனடாவில் இருக்கும் அத்தை ஒரு பழைய டேப்லெட்டை அனுப்பிவைத்த நாளிலிருந்து, கடதாசியை விட்டுக் கண்ணாடியில் கீறத் தொடங்கினாள். முதலில் விரலால் கீறினாள். விரல் நுனி கோட்டை மறைத்துவிடும். கண் வர வேண்டிய இடத்தில் மூக்கு வந்து நிற்கும். பிறகு றப்பர் முனை வைத்த ஒரு பேனா. அதன் முனை கடலை மணி அளவில் இருந்தது. அதால் கீறிய மாதாவுக்கு இமையே இல்லை. கடைசியில் வாங்கியதுதான் இந்த ஸ்டைலஸ். வெள்ளை நிறம், மெல்லிய உடம்பு, பொயின்ற் பேனாவைப் போலக் கூரான முனை. தலையில் இரண்டு தரம் தட்டினால் நீலமாய் ஒரு வெளிச்சம் வரும். டேப்லெட்டிலும் எழுதும், போனிலும் எழுதும். இறால் மீசையைக்கூடத் தனித்தனியாகக் கீறலாம் என்று லவீனா கீறியே காட்டினாள். இராசமலர் பார்த்தாள். மீசை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கும் அந்தக் கண்ணாடிச் சாமான்களுக்கும் ஏற்கெனவே பொருத்தமில்லை. உப்பிலும் செதிலிலும் ஊறி மரத்துப்போன அவள் விரலைப் போன் கணக்கெடுப்பதே இல்லை. அமத்தினால் ஒன்றும் நடக்காது. கோபத்தில் இன்னும் ஊன்றி அமத்தினால் யாரோ தெரியாத ஆளுக்கு அழைப்புப் போய்விடும். யாரோடும் கதைக்க வேண்டுமென்றால் "லவீனா, உந்தப் போனை ஒருக்கா அடிச்சுத் தா" என்று மகளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆனால் அந்தக் கார்த்திகை மாதம் அவள் மனம் முழுக்க அந்த வெள்ளைப் பேனாவில்தான் கிடந்தது. கொழும்பில் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகம் படம் கீற ஆள் தேடியது. திங்கட்கிழமை பத்து மணிக்கு லவீனாவுக்குச் சோதனை. அவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, சொன்ன படத்தை அங்கேயே கீறிக் காட்ட வேண்டும். சரிவந்தால் வீட்டில் இருந்தபடியே வேலை. சரிவராவிட்டால் அடுத்த மாதம் பிள்ளை கொழும்புக்குப் போய்ப் புடவைக் கடையில் நிற்க வேண்டும். அங்கே இருக்கும் சித்தி எல்லாம் பேசி முடித்துவிட்டாள். ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் வீட்டில் தானும், கடலே கதியென்று கிடக்கிற புருசன் ஜெறோமும், ஒரு பூனையும்தான் மிச்சம் என்று இராசமலர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஞாயிறு பின்னேரம் கோயிலில் உயர்தரப் பரீட்சைப் பிள்ளைகளின் பேனா மந்திரிப்பு. ஆண்டுதோறும் நடப்பதுதான். பிள்ளைகள் பேனாக்களைக் கட்டாகக் கட்டிப் பெரிய தட்டத்தில் வைப்பார்கள். பூசை முடிய சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். தீர்த்தம் பட்ட பேனாவால் வீட்டில் ஒரு கீறும் கீறக்கூடாது, முதல் எழுத்துச் சோதனைத் தாளில்தான் விழ வேண்டும் என்பது அங்கத்தைய தாய்மாரின் சட்டம். சுவாமியார் அப்படிச் சொன்னதே இல்லை. அவரைக் கேட்டுத்தான் தாய்மார் சட்டம் போடுகிறார்களா என்ன?

இராசமலர் யோசித்தாள். சோதனை என்றால் சோதனைதானே, பேனா என்றால் பேனாதானே. லவீனா குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து ஸ்டைலஸை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனாள். சொன்னால் பிள்ளை சிரிக்கும். சொல்லாமல் செய்கிற நன்மைக்குத்தான் பலன் கூட என்று தனக்குத்தானே ஒரு பிரசங்கமும் வைத்துக்கொண்டாள்.

ஸ்டைலஸையும் தட்டத்தில் வைத்தாள். மந்திரிப்பு நன்றாகத்தான் நடந்தது. முடிந்து எல்லோரும் தட்டத்தை மொய்த்த நேரத்தில், ஒரு கட்டின் றப்பர் வளையம் அறுந்து, அதன் பேனாக்களும் ஸ்டைலஸும் நிலத்தில் சிதறின. அது செபநாயகத்தின் மகள் யசிந்தாவின் கட்டு. குனிந்து பொறுக்கியவள் செபநாயகத்தின் மனைவி கிறிஸ்ரினா.

கிறிஸ்ரினாவுக்கும் இராசமலருக்கும் நாலு வருடமாகக் கதை பேச்சு இல்லை. செபநாயகத்தின் வள்ளத்து எஞ்சின் காத்தாடி ஜெறோமின் வலையை அறுத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, கடலில் நடப்பதுதான். "இத்துப்போன வலை, அது தானாய்த்தான் அறுந்திருக்கும்" என்று கிறிஸ்ரினா தண்ணீர்க் குழாயடியில் ஒரு சொல் சொன்னாள். வலையின் கிழிசலைப் பொத்திவிட்டார்கள். சொல்லைப் பொத்த முடியவில்லை. அன்றைக்குப் பூட்டிய வாயை இரண்டு பேரும் இன்னும் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவளின் காலடியில் குனிந்து தேடுவதா? இராசமலர் கண்ணில் பட்ட வெள்ளைப் பேனாவை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, திரும்பியும் பாராமல் நடந்துபோய், வீட்டில் பழையபடி பெட்டிக்குள் வைத்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களின் வரிசையில் அன்றைக்கு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

திங்கட்கிழமை காலை லவீனா பெட்டியைத் திறந்தாள். தலையில் தட்டினாள், வெளிச்சம் வரவில்லை. மூடியைக் கழற்றிக் கலண்டர் தாளின் பின்பக்கம் கீறிப் பார்த்தாள். நல்ல நீல மையில் கோடு விழுந்தது.

"அம்மா, இது ஆரின்ரை பேனை?"

இராசமலருக்குக் காரியம் விளங்கிவிட்டது. மறைக்க நேரமில்லை, கோயில், தட்டம், அறுந்த றப்பர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது வேதக்கார வீட்டிலும் நடக்கும்.

லவீனா அழுவாள், கத்துவாள் என்று தாய் காத்திருந்தாள். அவளோ கதிரையில் இருந்து, கையைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்ரை சோதினை பத்து மணிக்கு. அதை விடுங்கோ. யசிந்தாவுக்கு எட்டரைக்குத் தொடங்குது. உதுக்குள்ளை பற்றரி இருக்கு, சார்ஜ் போடுற ஓட்டை இருக்கு. சோதினை மண்டபத்துக்குள்ளை உப்பிடி ஒண்டைக் கண்டால் சும்மா விடுவினமே? களவு செய்ய வந்தவள் எண்டு பிள்ளையை எழுப்பிப்போடுவினம், அம்மா."

இராசமலர் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தாள். தன் பிள்ளையின் வேலை ஒரு பக்கம். மற்றப் பக்கம், ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் படிப்பு. அதுவும் கோபக்காரி வீட்டுப் பிள்ளை. வேண்டுமென்றே வைத்தாள் என்று ஊர் சொன்னால் எந்தத் தீர்த்தத்தில் போய்க் கழுவுவது?

"போன் எடுத்துச் சொல்லுவமே?" என்றாள் லவீனா.

"நம்பரை அண்டைக்கே அழிச்சாச்சு. நீ டேப்லெட்டைச் சார்ஜிலை போடு. கெடுத்தவள் நான், நானே போறன்."

யசிந்தாவின் பொயின்ற் பேனாவைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். இரவு பெய்த மழையில் ஒழுங்கை முழுக்கச் சேறு. செருப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை அங்கேயே விட்டுவிட்டாள். செபநாயகம் மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்து, பின்னால் யசிந்தாவை ஏற்றி, உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்தில், ஒற்றைச் செருப்பும் அவிழ்ந்த கொண்டையுமாக இராசமலர் முன்னால் போய்க் குறுக்கே நின்றாள்.

சோதனைக்கு வெளிக்கிடுகிற பிள்ளைக்கு முன்னால் குறுக்கே வருவது. அதுவும் நாலு வருடக் கோபக்காரி. படலையில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்த கிறிஸ்ரினாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"கேளுங்கோ அப்பா," என்றாள் கணவனிடம், "உவ இப்ப ஏன் வந்தவவாம்?"

"செபநாயகம், உம்மடை மனிசிக்குச் சொல்லும்," என்றாள் இராசமலர், மூச்சு வாங்க. "பிள்ளையின்ரை பையுக்குள்ளை கிடக்கிற வெள்ளைப் பேனை என்ரை லவீனாவின்ரை. நேற்றுக் கோயிலிலை மாறிப்போச்சு. அது பேனையில்லை, கறண்டுச் சாமான். உள்ளுக்குக் கொண்டு போனால் பிள்ளையைப் பிடிப்பினம்."

"சொல்லுங்கோ அப்பா, பாதர் மந்திரிச்ச பேனையைச் சோதினை நாளிலை ஆரும் வந்து கேப்பினமோ எண்டு. எரிச்சல். வேறை என்ன?"

"எரிச்சலாம்! ஒற்றைச் செருப்போடை ஓடி வந்தது எரிச்சலிலையோ எண்டு கேளும்."

பாவம் செபநாயகம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரும் பேசுவது இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் தன் காது வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அவர் என்ன செய்வார்?

யசிந்தா கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பையைத் திறந்து வெள்ளைப் பேனாவை எடுத்தாள். "நான் இதாலைதான் முதல் எழுத்து எழுதுறது எண்டு வைச்சிருக்கிறன்," என்றாள். அழுகிற குரல்.

"தலையிலை ரெண்டு தரம் தட்டு, பிள்ளை."

தட்டினாள். நீல வெளிச்சம் வந்தது.

"பாத்தியளே!" என்றாள் இராசமலர்.

"லைற் வைச்ச பேனை கடை வழிய விக்குது," என்றாள் கிறிஸ்ரினா, வானத்தைப் பார்த்து.

"அப்ப எழுதிப் பாக்கட்டும்."

"எழுதக்கூடாது! தீர்த்தம் பட்ட பேனை!"

அந்த இடத்தில் கதை முட்டி நின்றது. எழுதிப் பார்த்தால் ஆசீர்வாதம் போச்சு. எழுதிப் பார்க்காவிட்டால் பிள்ளையின் சோதனை போச்சு. மோட்டார் சைக்கிள் மட்டும் டுப் டுப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இராசமலருக்கு மகள் இறால் மீசை கீறியது நினைவுக்கு வந்தது.

"கடதாசியிலை வேண்டாம். செபநாயகம், உம்மடை போனைத் தாரும். பேனை எண்டால் போனிலை வேலை செய்யாது. இது செய்யும். போனிலை தொட்டால் அது எழுத்தில்லைத்தானே?"

இதற்குத் தாய்மார் சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. செபநாயகம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து யசிந்தாவின் கையில் கொடுத்தார். முதலில் இராசமலர் தன் கையில் இருந்த பொயின்ற் பேனாவை மூடியோடு வைத்துக் கண்ணாடியில் தொட்டுக் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை. "இப்ப நீ தொடு, பிள்ளை."

யசிந்தா ஸ்டைலஸின் முனையால், திறந்திருந்த அழைப்பு வரிசையில் தொட்டாள்.

போன் அழைப்பெடுக்கத் தொடங்கியது. எஞ்சின் சத்தத்தில் பாதி செவிடான செபநாயகம் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் கதைப்பவர். ஒழுங்கை முழுக்கக் கேட்க மணி அடித்தது. கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர்: ஜெறோம் அண்ணை.

செபநாயகம் பாய்ந்து போனைப் பறிக்கப் பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் குரல் வந்துவிட்டது. பின்னால் தண்ணீர்ச் சத்தமும் கேட்டது.

"என்ன செபம், திருப்பி எடுக்கிறாய்? பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிட்டியே? கெதியா வா, இறால் நல்லாப் படுது. நேற்று நிண்ட இடந்தான்."

இராசமலர் போனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள்.

"ஓம் அப்பா, படும். வீட்டை வாங்கோ, மிச்சத்துக்கும் படும்."

அந்தப் பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கிறிஸ்ரினா கணவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அப்ப இந்த நாலு வருசமும் நான் மட்டுந்தான் கோவமா இருந்தனானோ?"

'நானும்,' என்று இராசமலரின் மனம் சொன்னது. வாய் இன்னும் திறக்கவில்லை. ஆனால் எரிச்சல் முழுவதும் இருந்த இடத்தை விட்டு இரண்டு ஆண்களின் தலைக்கு மாறிப்போனதை அவள் நன்றாக உணர்ந்தாள். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"அப்பா, நேரம்!" என்று யசிந்தா கத்தினாள். பேனாக்கள் கை மாறின. மூடியைக் கழற்றப்போனவள் நிறுத்திவிட்டு, இராசமலரின் முகத்தைப் பார்த்தாள். "மாமி, இதாலை ஆரும் எழுதிப் பாக்கேல்லைத்தானே?"

கலண்டர் தாளின் பின்பக்க நீலக் கோடு இராசமலரின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"சீச்சீ. ஒரு கீறுகூட இல்லை. வடிவாய் எழுது, பிள்ளை."

பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவற்றோடு அதையும் சேர்த்துக்கொண்டாள். இந்த ஒன்றுக்கு மட்டும் மனம் வருந்துவதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மோட்டார் சைக்கிள் சேற்றை அடித்துக்கொண்டு போனது. இரண்டு பெண்களும் தனியே நின்றார்கள். இனி இடையில் நின்று சொல்ல ஆளில்லை. பெரிய துளியாக மழை தொடங்கியது. கிறிஸ்ரினா உள்ளே போனாள். முகத்தில் அடித்த மாதிரிப் போகிறாளாக்கும் என்று இராசமலர் திரும்பி நடக்க, பின்னால் குரல் கேட்டது.

"கறண்டுச் சாமான் நனையப்போகுது. இந்தா, குடை."

இராசமலர் வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு லவீனா டேப்லெட்டின் முன்னால் இருந்தாள். தாய் அறை வாசலில், வீடியோவில் தெரியாத இடமாகப் பார்த்துச் சம்மணம் கொட்டியிருந்தாள். தீர்த்தம் உள்ளே போயிருக்குமோ, வெளிச்சம் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு நிமிடமும் பேனாவின் தலையையே பார்த்தாள். நிற்கவில்லை. கொழும்புக்காரர்கள் சொன்ன படம் 'மழை நாளில் ஒரு தெரு'. லவீனா ஒரு ஒழுங்கையைக் கீறினாள். சேற்றில் புதைந்த ஒற்றைச் செருப்பைக் கீறினாள். குடையோடு வருகிற ஒரு பெண்ணைக் கீறினாள். விரலை அகட்டிப் படத்தைப் பெருப்பித்து, அந்தப் பெண்ணின் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைக்கூடக் கூர்முனையால் ஒவ்வொன்றாக வைத்தாள். கொழும்பில் யாரோ "அட!" என்றது வாசல்வரை கேட்டது.

முடிந்ததும் லவீனா வெளியே வந்தாள். "முதலிலை ஒரு புத்தகம் தருகினமாம். நல்லா வந்தால் மிச்சமும் தருவினமாம்."

"அப்ப புடவைக் கடை?"

"சித்திக்கு நீங்களே சொல்லுங்கோ."

இராசமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அதனால், "என்ரை மூக்கு உவ்வளவு பெரிசே?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெறோம் வழமையைவிடப் பிந்தித்தான் கரைக்கு வந்தார். கூடை நிறைய இறால் கொண்டுவந்தார். நல்ல இறாலாகப் பார்த்து மேலே வைத்திருந்தார். மனைவி கேட்க முன்னமே சொல்லத் தொடங்கினார்.

"கரையிலை கோவமா இருக்கலாம், மலர். கடலிலை ஏலாது. எஞ்சின் நிண்டால் கிட்ட நிக்கிற வள்ளத்தைத்தான் கூப்பிடவேணும். நான் அவனைக் கூப்பிட்டன், பிறகு அவன் என்னைக் கூப்பிட்டான். அவ்வளவுதான்."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீ என்னோடையும் கதைக்க மாட்டாய் எண்டு பயந்தனான்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும், வந்தது சிரிப்புத்தான். நாலு வருடமாக ஒரே குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடித்தது முழுவதும் வீண் வேலை என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது. இறாலைக் கழுவிச் சட்டியில் போட்டாள். பின்னேரம், படலையோரம் சாய்த்து வைத்திருந்த குடையை ஒரு தரம் பார்த்தாள். யசிந்தாவின் பேப்பர் முடிந்திருக்கும்.

ஜெறோமின் போனை எடுத்தாள். அழைப்பு வரிசையில் முதல் பெயர் செபம். விரலை வைத்து அமத்தினாள். போன் அவளைக் கணக்கெடுக்கவில்லை. இன்னும் ஊன்றி அமத்தினாள், வேறெங்கோ பாய்ந்தது. "லவீனா" என்று கூப்பிட வாயெடுத்தவள், மேசையில் கிடந்த ஸ்டைலஸைப் பார்த்தாள். தலையில் இரண்டு தரம் தட்டி, இறால் உரித்த கையால் பிடித்து, செபம் என்ற பெயரில் மெல்லத் தொட்டாள். ஒரு தரந்தான். மணி அடித்தது.

எடுத்தது கிறிஸ்ரினா. புருசனின் போனை அன்று காலையே பறித்து வைத்துவிட்டாள்போலும்.

"ஜெறோம் அண்ணை, இனி இவரோடை கதைக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டுக் கதையுங்கோ, சரியோ?"

"ஜெறோம் இல்லை," என்றாள் இராசமலர். "நான், மலர்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"பிள்ளை என்னமாதிரி எழுதினவள்?"

"நல்லா எழுதினவளாம். பேனை ஒரு இடத்திலையும் நிக்கேல்லையாம்." கிறிஸ்ரினா தொண்டையைச் செருமினாள். "இரு, அவளைக் கூப்பிடுறன், நீ அவளோடையே கதை."

"அவள் பிறகு கதைக்கட்டும்," என்றாள் இராசமலர். "நீ கதை."